மின்னலும் ராகாவும் தெளிவாகக் கேட்க: கோலாலம்பூர் வீட்டுக்கும் காருக்கும் முழுமையான வழிகாட்டி

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் பாட்டு கேட்க வானொலிக்குப் பஞ்சமில்லை. 96.3-ல் மின்னல் எஃப்எம், 99.3-ல் ராகா. இரண்டும் நாள் முழுக்க ஒலிக்கின்றன, காசும் கேட்பதில்லை. ஆனால் பல வீடுகளில் அவை ஒலிக்கிற விதத்தைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் 'ஷ்ஷ்' என்று ஓயாத இரைச்சல், 'ச' வரும் இடமெல்லாம் கரகரப்பு, யாராவது குறுக்கே நடந்தால் ஒலி மங்கிப் போவது. 'ரேடியோன்னா இப்படித்தான்' என்று பலரும் பழகிவிட்டார்கள்.

அப்படிப் பழக வேண்டிய அவசியமே இல்லை. எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை இடம், வலம் பிரித்துக் கொண்டுவரக்கூடியது. நடுத்தர வயதைத் தாண்டிய காதுக்கு அதற்கு மேல் எட்டுவதே அபூர்வம். நல்ல சிக்னல் கிடைத்தால் சாதாரண ரேடியோகூட மனம் நிறையும்படி பாடும்.

எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒலி சரியில்லை என்றதும் புது ரேடியோ வாங்கப் போகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் கவனிக்க வேண்டியது ரேடியோ வைத்திருக்கும் இடம். அடுத்து ஏரியல். அதற்கடுத்து வீட்டுக்குள்ளேயே இரைச்சல் கிளப்பும் மின்கருவிகள். ரேடியோவை மாற்றுவது கடைசியில்தான். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

படி 1: அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது?

மின்னலின் நிகழ்ச்சிகள் அங்காசபுரியில், அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் வளாகத்தில் உருவாகின்றன. ராகா ஆஸ்ட்ரோ குழுமத்தைச் சேர்ந்தது. ஆனால் உங்கள் ஏரியலைப் பொறுத்தவரை நிகழ்ச்சி உருவாகும் கட்டடம் ஒரு பொருட்டே இல்லை. அலை எந்த உயரத்திலிருந்து கிளம்புகிறது என்பதுதான் கணக்கு. இந்த வட்டாரத்தில் எஃப்எம் ஒலிபரப்புக்கு முக்கியமான உயரங்கள் இரண்டு. ஒன்று கெந்திங் பக்கத்தில் இருக்கும் குனோங் உலு காலி, 1,700 மீட்டருக்கும் மேல். இன்னொன்று புக்கிட் நானாஸ் குன்றின் மேல் நிற்கும் கோலாலம்பூர் கோபுரம், 421 மீட்டர்.

எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் பயணம் செய்யும். நடுவில் மலையோ கட்டடமோ வந்தால் கொஞ்சம் வளைந்து வரும், கொஞ்சம் மோதித் திரும்பும், மிச்சம் அங்கேயே தங்கிவிடும். எனவே கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து உங்கள் வீட்டிலிருந்து இந்த இரண்டு இடங்களும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். உலு காலி, காஜாங்கிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் வடக்கு. கிள்ளானிலிருந்து வடகிழக்கு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வடக்கும் வடகிழக்கும் கலந்த திசை. ரவாங்கிலிருந்து கிழக்கு சாய்ந்த வடகிழக்கு. அந்தத் திசையில் உங்கள் வீட்டுக்கு ஜன்னல் இருக்கிறதா? இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த நிலையம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அலைய வேண்டாம். ஏரியலைத் திருப்பிப் பார்க்கும்போது ரேடியோவே காட்டிக் கொடுத்துவிடும். பினாங்கில் இருப்பவர்களுக்கு நிலையங்களின் எண்கள் வேறு, பார்க்க வேண்டிய மலையும் வேறு: கெடாவில் இருக்கும் குனோங் ஜெராய். மற்றபடி இங்கே சொல்வதெல்லாம் அங்கும் பொருந்தும்.

படி 2: என்ன கோளாறு என்று காதாலேயே கண்டுபிடியுங்கள்

ஒலி நன்றாக இல்லை என்று பொதுவாகச் சொன்னால் வைத்தியம் பார்க்க முடியாது. வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். செய்தி நேரம் இதற்கு மிகவும் நல்லது. பின்னணி இசை இல்லாத ஒரே குரல் என்பதால் குறை எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது.

சீரான 'ஷ்ஷ்' இரைச்சல் எப்போதும் பின்னால் ஓடுகிறதென்றால் சிக்னல் பலவீனம். பாட்டு உரத்து ஒலிக்கும்போது இது மறைந்திருக்கும், அறிவிப்பாளர் மூச்சுவிடும் இடைவெளியில் தெரியும்.

இரைச்சல் அதிகமில்லை, ஆனால் 'ச', 'ஸ', 'ஷ' வரும்போதும் பாடகி உச்சத்துக்குப் போகும்போதும் ஒலி கிழிகிறதென்றால் அது வேறு நோய். ஒரே அலை நேராக ஒரு முறையும், எதிர்க் கட்டடத்தில் மோதி இன்னொரு முறையும் வந்து சேர்கிறது. முந்நூறு மீட்டர் சுற்றி வரும் அலை ஒரு மைக்ரோ வினாடி தாமதமாக வரும். அந்தச் சிறு தாமதமே ஒலியைக் கெடுக்கப் போதும். நகரத்துக்குள் கொண்டோவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லைதான். சிக்னல் காட்டும் கோடுகள் நிறைய இருக்கும், ஒலி மட்டும் மோசமாக இருக்கும். அதனால் திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள்.

ஒரு நிலையம் அதற்குச் சம்பந்தமில்லாத எண்களிலும் கேட்கிறது, அல்லது இரண்டு நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன என்றால் சிக்னல் அளவுக்கு மீறி வருகிறது. கம்போங் பாரு, ஜாலான் அம்பாங் போல கோபுரத்துக்கு அருகில் இருக்கும் இடங்களில் இது நடக்கலாம். அங்கே ஏரியலை நீட்டுவதற்குப் பதிலாக மடக்கிப் பாருங்கள்.

கடைசி வகை: 'டர்ர்' என்றோ 'கிர்ர்' என்றோ ஒரு நேரம் வந்து ஒரு நேரம் போகிற சத்தம். இது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. படி 5-ல் அதைப் பார்க்கலாம்.

படி 3: இடமும் ஏரியலும்

இதுதான் இந்த வழிகாட்டியின் இதயம். நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள்.

100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அலைகள் மோதித் திரும்பும் ஓர் அறைக்குள் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் உச்சம், அங்கிருந்து முக்கால் மீட்டர் தள்ளி பள்ளம். அதாவது ரேடியோவை ஒன்றரை முழம் நகர்த்தினாலே கதை மாறிவிடக்கூடும். எனவே முதல் வேலை, ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது. பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் வசதி. ஜன்னல் ஓரம், அலமாரியின் மேல், வரவேற்பறையின் மூலை என்று ஒவ்வோர் இடத்திலும் வைத்து, கையை எடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். உங்கள் உடம்பும் அலையைத் தடுக்கும் என்பதால் பிடித்துக்கொண்டு கேட்பது சரியான சோதனை ஆகாது.

தவிர்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ரேடியோ வைப்பது நம் வீடுகளில் பழக்கம். இரும்புத் தகடும் மோட்டாரும் சேர்ந்த அந்த இடம் ஏரியலுக்கு ஆகாது. தொலைக்காட்சிக்குப் பின்னாலும், வைஃபை ரௌட்டருக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்ட தாமான் வீடுகளில் கம்பியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெயில் தடுப்பு ஒட்டியிருந்தால் அதுவும் அலையைத் தடுக்கும். அப்படிப்பட்ட அறையைவிட சாதாரண ஜன்னலுள்ள பின்கட்டே மேல்.

நீட்டும் ஏரியலுள்ள ரேடியோவில் கம்பியை முழுவதும் நீட்டி, நேராகவும் படுக்கையாகவும் வைத்துப் பாருங்கள். படுக்கையாக வைக்கும்போது கம்பியின் நுனி ஒலிபரப்பு வரும் திசையைச் சுட்டிக்காட்டக் கூடாது. கம்பியின் பக்கவாட்டுதான் அந்தத் திசையைப் பார்க்க வேண்டும்.

பின்புறம் ஏரியல் துளை உள்ள செட் அல்லது ட்யூனர் (வானொலியைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். டைபோல், அதாவது இரண்டு கம்பிகள் எதிரெதிரே விரிந்த ஏரியல், ஒன்றை நாமே செய்துவிடலாம். தேவையானவை: கொஞ்சம் மின்கம்பி, தொலைக்காட்சி ஏரியலுக்குப் பயன்படும் 75 ஓம் கேபிள், உங்கள் செட்டுக்குப் பொருந்தும் பிளக். ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் எல்லாமே கிடைக்கும்.

செய்முறை இதுதான். மின்கம்பியில் 73 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். இந்த அளவு 98 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டது. 96.3, 99.3 இரண்டுக்கும் நடுவில் விழுவதால் இரண்டுக்கும் பொருந்தும். கேபிளின் ஒரு முனையைச் சீவி, நடுக் கம்பியை ஒரு துண்டோடும் வெளிப் பின்னலை மற்றொரு துண்டோடும் இணையுங்கள். பற்றவைத்தால் நல்லது. முடியாவிட்டால் இறுக்கி முறுக்கி டேப் சுற்றுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. இரண்டு துண்டுகளும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிர்த் திசையில் விரியும்படி ஒரு பிளாஸ்டிக் குழாயிலோ மரச் சட்டத்திலோ கட்டுங்கள். மறுமுனையில் பிளக். அவ்வளவுதான்.

இதைச் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க விளையாடிப் பாருங்கள். டைபோல் தன் பக்கவாட்டில் நன்றாகக் கேட்கும், இரண்டு நுனிகளின் திசையில் ஏறக்குறைய செவிடு. அந்தச் செவிட்டுத்தனம் நமக்கு உதவியாக இருக்கிறது. எதிர்க் கொண்டோவில் மோதி வரும் அலைதான் தொல்லை என்றால், நுனியை அந்தக் கொண்டோவின் பக்கம் திருப்பிவிடுங்கள். சிக்னல் கோடு ஒன்று குறையலாம். ஆனால் 'ச' கிழிவது நின்றுவிடும். சிக்னல் குறைந்து ஒலி மேம்படுவது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும். காதை நம்புங்கள்.

கம்பி படுக்கையாக இருப்பதா நிமிர்ந்து நிற்பதா என்பதையும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நகரத்துக்குள் பல தடவை மோதி வரும் அலை எந்தச் சாய்வில் வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

விலை உயர்ந்த, மின்சாரத்தில் இயங்கும் பூஸ்டர் ஏரியல்களைக் கடைக்காரர்கள் பரிந்துரைப்பார்கள். கோலாலம்பூருக்குள் அவை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். ஏற்கெனவே பலமாக வரும் நிலையங்கள் ரேடியோவைத் திணறடிக்கும்.

மொட்டை மாடியிலோ கூரையிலோ ஏரியல் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இடி மின்னல் மிகுந்த ஊர் நம்முடையது. மதியம் கறுத்துக்கொண்டு வரும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் டைபோல் வைத்தாலே பெரும்பாலோருக்குப் போதும்.

படி 4: மோனோ பொத்தானுக்கு மரியாதை கொடுங்கள்

ஸ்டீரியோ என்றால் இடம், வலம் தனித்தனி ஒலி; மோனோ என்றால் இரண்டும் சேர்ந்த ஒரே ஒலி. ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடமும் வலமும் சேர்ந்த ஒலி ஒரு பகுதியாகவும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இன்னொரு பகுதியாகவும் வருகின்றன. 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அடையாள ஒலி, 'இது ஸ்டீரியோ' என்று ரேடியோவுக்குச் சொல்கிறது. எஃப்எம்மில் அதிர்வெண் மேலே போகப்போக இரைச்சலும் கூடும் என்பதால், அந்த வேறுபாட்டுப் பகுதி இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். பலவீனமான சிக்னலில் ஸ்டீரியோவுக்கும் மோனோவுக்கும் இரைச்சலில் 20 டெசிபலுக்கும் மேல் வித்தியாசம் இருக்கும்.

ஆகவே 'ஷ்ஷ்' இரைச்சல் உள்ள வீட்டில் மோனோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல ரேடியோக்களில் அது 'எஃப்எம் மோனோ' என்றோ 'எஸ்டி' என்ற விளக்கை அணைக்கும் பொத்தானாகவோ இருக்கும். அழுத்தியதும் அறை அமைதியாகிவிடும்.

ஸ்டீரியோவை இழக்கிறோமே என்று கவலைப்படுபவர்களுக்கு: நம் வானொலிகளில் நாம் விரும்பிக் கேட்கும் பழைய பாடல்களில் பெரும்பகுதி மோனோவில் பதிவானவை. 1950களிலும் 60களிலும் வந்த திரைப்பாடல்கள் ஒரே தடத்தில் கலக்கப்பட்டவை. 70களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ மெல்லப் பரவியது. பழைய பாடலை ஸ்டீரியோவில் கேட்டால் கூடுதலாகக் கிடைப்பது இரைச்சல் மட்டுமே. இரவில் பழைய பாடல்கள் ஓடும்போது நான் மோனோவில்தான் கேட்கிறேன். குரல் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிய பாடல்களுக்கு மட்டும், அதுவும் டைபோல் சரியாக அமைந்த பிறகு, ஸ்டீரியோவைத் திறக்கலாம்.

சமையலறையில் ஒரே ஸ்பீக்கர் உள்ள ரேடியோ இருந்தால் இந்தக் கவலையே கிடையாது. அது ஏற்கெனவே மோனோதான்.

படி 5: வீட்டுக்குள்ளிருக்கும் இரைச்சல்

மலிவான எல்இடி விளக்குகள், கைப்பேசி சார்ஜர்கள், ரௌட்டரின் அடாப்டர், மடிக்கணினி, கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகளில் அதன் இன்வெர்ட்டர். இவற்றில் எது வேண்டுமானாலும் எஃப்எம் அலைவரிசையில் சத்தம் கிளப்பலாம்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, கேட்கிற நிலையத்தில் வையுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி வீட்டுக்குள்தான். அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால் பிடிபட்டுவிடும். விளக்கு என்றால் வேறு பிராண்டு விளக்கு மாற்றுங்கள். சார்ஜர் என்றால் கைப்பேசியோடு வந்த அசல் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். மெயின் அணைத்தும் நிற்கவில்லையென்றால் பக்கத்து வீடோ மின்தூக்கி அறையோ காரணமாக இருக்கலாம். அப்போது ஏரியலை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோவதுதான் வழி.

படி 6: இப்போது ரேடியோவைப் பற்றி

மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் குறை இருந்தால் மட்டும் வாங்கப் போங்கள்.

குரலும் பாட்டும் கேட்க ஒரு சிறிய ரேடியோ போதும் என்பவர்களுக்கு, ஸ்பீக்கர் பெரிதாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே முதல் விதி. கையளவு ரேடியோவில் தவிலின் இடது பக்கம் கேட்கவே கேட்காது. டெக்சன் போன்ற டிஎஸ்பி (சிக்னலை டிஜிட்டல் முறையில் கையாளும்) ரேடியோக்கள் நெருக்கமான நிலையங்களைப் பிரிப்பதில் கெட்டி. ஹெட்ஃபோன் துளை இருந்தால் ஸ்டீரியோவும் கிடைக்கும்.

வாங்கும்போது ஒரு நுணுக்கத்தைப் பாருங்கள். ஒலிபரப்பில் உச்ச ஒலிகளைக் கூட்டி அனுப்பி, ரேடியோவில் அதே அளவு குறைக்கிறார்கள். அந்த அளவு அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் 75 மைக்ரோ வினாடி, உலகின் பெரும்பாலான மற்ற நாடுகளில் 50. அமெரிக்கச் சந்தைக்கான ரேடியோவை இங்கே வைத்துக் கேட்டால் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் சுமார் 3 டெசிபல் குறைந்துவிடும். சலங்கையும் ஜால்ராவும் மங்கிப்போகும். அமைப்பில் 50/75 தேர்வு இருந்தால் 50-ல் வையுங்கள். வட்டாரத் தேர்வு இருந்தால் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுங்கள்.

வரவேற்பறையில் ஆம்ப்ளிஃபையரும் பெரிய ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்குப் பழைய ட்யூனர் ஒன்றைத் தேடச் சொல்வேன். 70, 80களில் வந்த ஜப்பானிய ட்யூனர்கள் இன்றும் அருமையாக ஒலிக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய ஒலிக்கருவிகள் கண்ணில் படும். ஆனால் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு சரி. அதைவிட முக்கியம், அவற்றின் எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். மின்னலும் ராகாவும் அதில் வரவே வராது. முகப்பில் 88 முதல் 108 வரை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பேசியில் எஃப்எம் வசதி இருந்தால் ஹெட்ஃபோன் வயரே ஏரியல். அதைச் சுருட்டி வைக்காமல் தொங்கவிடுங்கள்.

படி 7: காரில்

நம்மில் பலர் வானொலி கேட்பது ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில்தான். இங்கே ஏரியலைத் திருப்பி வைக்க முடியாது என்பதால் கவனிக்க வேண்டியவை வேறு.

ஜப்பானிலிருந்து வந்த ரீகான் (அங்கே பயன்படுத்திய) கார் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன அதே சிக்கல். அசல் ரேடியோ 90 மெகாஹெர்ட்ஸ் வரை, புதிய மாடல்களில் 95 வரைதான் போகும். இதற்கு விற்பனையாளர்கள் ஒரு சின்ன மாற்றிப் பெட்டியை ஏரியல் வயரில் பொருத்தித் தருவார்கள். அது எல்லா நிலையங்களையும் கீழே இறக்கும். உதாரணமாக 14 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் பெட்டி என்றால் 96.3-ல் இருக்கும் மின்னல் 82.3-ல் வரும், ராகா 85.3-ல் வரும். வேலை செய்யும், ஆனால் ஒலியில் ஒரு அடுக்கு இரைச்சல் கூடும். நிலையங்கள் ஒன்றோடொன்று மோதவும் செய்யும். வசதி இருந்தால் செட்டையே மாற்றிவிடுங்கள். பெட்டிதான் என்று முடிவானால் வேறு அளவு இறக்கும் பெட்டியையும் பொருத்திக் கேட்டுப் பார்த்து, மோதல் குறைவானதை வைத்துக்கொள்ளுங்கள்.

செட் மாற்றியவர்கள் 'புது செட், ஆனால் பழசைவிட மோசமாக இழுக்கிறது' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல கார்களில் ஏரியலோடு ஒரு சிறு பெருக்கி இருக்கும். அதற்கு செட்டிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். பொருத்துபவர் அந்த நீல வயரை இணைக்காமல் விட்டுவிட்டால், ஏரியல் இருந்தும் இல்லாத மாதிரிதான். கடைக்குத் திரும்பப் போய், 'ஏரியல் பவர் வயர் கொடுத்தீர்களா அண்ணே?' என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று டேஷ்கேம். ரேடியோவை ஒரு நிலையத்தில் வைத்துவிட்டு டேஷ்கேமின் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஒலி சட்டென்று தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது. கேமராவின் வயரை ஏரியல் வயரிலிருந்து தள்ளி எடுத்துச் செல்லுங்கள், அடாப்டரை நல்லதாக மாற்றுங்கள், வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். சிகரெட் துளையில் செருகும் மலிவான யுஎஸ்பி சார்ஜர்களும் இதே வேலையைச் செய்யும்.

நீண்ட பயணத்தில் செட்டின் அமைப்பில் 'ஏஎஃப்' (மாற்று அலைவரிசை) என்ற வசதியைத் திறந்து வையுங்கள். பாட்டோடு சேர்த்து நிலைய விவரத்தைச் சொல்லும் ஆர்டிஎஸ் தகவலை அனுப்பும் நிலையமாக இருந்தால், சிக்னல் மங்கும்போது அதே நிலையத்தின் வேறு எண்ணுக்கு செட் தானே தாவும். காராக் நெடுஞ்சாலையில் மலையேறும்போது இது உதவும். ஊருக்குள் ஓட்டும்போது தேவையில்லாமல் தாவித் தாவி ஒலி வெட்டுகிறதென்றால் மூடிவிடுங்கள்.

படி 8: இணையத்திலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும்

மின்னலை ஆர்டிஎம் கிளிக் செயலியிலும், ராகாவை சியோக் செயலியிலும் கேட்கலாம். எஃப்எம் எட்டாத இடத்துக்கும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது வரப்பிரசாதம். இரைச்சல் என்பதே இருக்காது.

ஆனால் இரைச்சல் இல்லை என்பதாலேயே ஒலி மேல் என்று ஆகிவிடாது. ஒலியைச் சுருக்கி அனுப்பும்போது நுண்ணிய உச்ச ஒலிகள்தான் முதலில் பலியாகும். வயலின் உச்சத்தில் உரசும் சத்தம், கடம் தட்டும் விரல்நுனி, கச்சேரி முழுக்கப் பின்னால் ஓடும் தம்புரா: இவை மணலில் தேய்த்த மாதிரி ஆகிவிடும். நல்ல எஃப்எம் வரவேற்பு இருக்கும் வீட்டில், பாட்டைப் பொறுத்தவரை நான் எஃப்எம்மையே தேர்ந்தெடுப்பேன். சிக்னல் கெட்ட கொண்டோவில் செயலிதான் சரி.

செயலியில் ஒலித்தரத் தேர்வு இருந்தால் உயர்ந்ததை வையுங்கள். டேட்டா கணக்குப் பார்ப்பவர்களுக்கு: நொடிக்கு 64 கிலோபிட் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 மெகாபைட். 128 என்றால் 58 மெகாபைட். தினமும் சில மணி நேரம் கேட்டாலும் இன்றைய டேட்டா திட்டங்களுக்கு அது பெரிய தொகையில்லை.

செயலியிலிருந்து புளூடூத் ஸ்பீக்கருக்குப் போகும்போது ஒலி இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. இரண்டு முறை சுருங்கிய ஒலி சட்டென்று களைப்பூட்டும். முடிந்தவரை கைப்பேசியிலிருந்து வயர் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி, மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் தொலைக்காட்சி. ஆர்டிஎம் வானொலிகள் அதில் வருகின்றன, மின்னலும் உண்டு. தொலைக்காட்சியின் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கு இணைத்திருக்கும் வீட்டில் இது இரைச்சலில்லாத, இணையமும் தேவைப்படாத நல்ல ஏற்பாடு. ராகாவை ஆஸ்ட்ரோ தட்டு வழியாகவும் கேட்கலாம், ஆனால் கனமழையில் அறுந்துபோகும். எஃப்எம்முக்கு மழை ஒரு பொருட்டே இல்லை.

படி 9: நிலையத்தின் கைவண்ணத்தைக் கேட்கப் பழகுங்கள்

உங்கள் பக்கம் எல்லாம் சரியாகிவிட்டால் புதிதாக ஒன்று காதில் விழத் தொடங்கும். ஒவ்வொரு நிலையமும் ஒலியைத் தன் விருப்பப்படி பதப்படுத்தி அனுப்புகிறது. மெல்லிய பகுதியைத் தூக்கி, உரத்த பகுதியை அமுக்கி, மொத்தமாக ஒரே உயரத்தில் வைப்பார்கள். காரில் கேட்பவருக்கு எஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டும் என்பதால் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் அளவு மீறினால் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் மௌனம் காணாமல் போய்விடும்.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். நன்றாகத் தெரிந்த ஒரு பாடலை உங்களிடம் இருக்கும் குறுந்தகட்டிலோ நல்ல கோப்பிலோ பல தடவை கேட்டு மனதில் பதியுங்கள். தனிக்குரலில் தொடங்கி, மெல்ல வாத்தியங்கள் சேரும் பாடலாக இருக்கட்டும். அதே பாடல் வானொலியில் வரும்போது, தனிக்குரலும் முழு வாத்தியமும் ஒரே சத்தத்தில் கேட்கின்றனவா என்று கவனியுங்கள். வாத்தியங்கள் நுழைந்ததும் குரல் பின்வாங்குகிறதா? மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் பின்னணி உள்ளே போய் வெளியே வருகிறதா? இவை நிலையத்தின் பதப்படுத்தல். உங்கள் ஏரியல் காரணமில்லை. ரேடியோவில் 'பேஸ் பூஸ்ட்' போன்றவற்றை நிறுத்திவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ஏற்கெனவே தூக்கி அனுப்பியதை நாமும் தூக்கினால் எதுவும் புரியாது.

நாதஸ்வரம் இன்னொரு நல்ல உரைகல். அதில் உச்ச ஒலிகள் அடர்த்தியாக இருப்பதால் அலை மோதல், அளவு மீறிய பதப்படுத்தல், சுருக்கம் மூன்றுமே உடனே அம்பலமாகும். தைப்பூச நேரத்தில் பத்துமலை ஒலிபரப்பு வந்தால் தவறவிடாமல் கேளுங்கள். திறந்த வெளியில் ஒலிக்கும் நாதஸ்வரமும் தவிலும் உங்கள் செட்டில் எப்படி விழுகின்றன என்று தெரிந்துவிடும்.

படி 10: எதுவும் பலிக்கவில்லை என்றால்

நேற்று வரை நன்றாக இருந்த நிலையம் திடீரென்று கெட்டுப்போனால் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் ஒலிபரப்பிலோ வட்டாரத்திலோ கோளாறு. நிலையத்துக்கு எழுதும்போது 'ரேடியோ சரியாகக் கேட்கவில்லை' என்று மட்டும் எழுதினால் பொறியாளர்களுக்கு எதுவும் விளங்காது. அலைவரிசை எண், உங்கள் தாமான், எந்த நாள் எந்த நேரத்திலிருந்து, வீட்டிலா காரிலா, படி 2-ல் சொன்ன நான்கு வகையில் எது, மற்ற நிலையங்கள் எப்படி என்று எழுதுங்கள். கைப்பேசியில் அரை நிமிடம் பதிவு செய்து இணைத்தால் இன்னும் நல்லது. வேறு ஏதோ ஒலிபரப்பு குறுக்கிடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். அலைவரிசைகளைக் கண்காணிப்பது அவர்களுடைய பொறுப்பு. அங்கேயும் இதே விவரங்களைத்தான் கேட்பார்கள், எனவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள்.